சிஆர்என்ஏ ஆகணும்னா முதல் வேலையே ஐசியுவுலதான் இருக்கணுமா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. அமெரிக்காவுல பிஎஸ்என், அதாவது நர்சிங் டிகிரி முடிச்சு, நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டீங்க, பின்னாடி மயக்க மருந்து குடுக்குற நர்ஸ் அனஸ்தடிஸ்ட், அதாவது சிஆர்என்ஏ ஆகணும்னு ஆசை. கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு சின்ன கம்யூனிட்டி ஆஸ்பத்திரி, 8 பெட் ஐசியு, சீனியர் ஒருத்தங்க பக்கத்துல நின்னு பழக்குற ஓரியன்டேஷன் 8 வாரம், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்டோட, சேர்றதுக்குக் குடுக்குற சைன்-ஆன் போனஸ். இன்னொண்ணு பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரி, ஆனா வேலை ஐசியுல இல்ல, ஐசியுவுக்கும் வார்டுக்கும் நடுவுல இருக்குற ஸ்டெப்டவுன் யூனிட்ல, கூடவே புது நர்சுங்களுக்கான ஒரு வருஷப் பயிற்சி, அதாவது நர்ஸ் ரெசிடென்சி. எது நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "ஸ்டெப்டவுன் போனா ஒரு வருஷம் வீணாப் போயிடுமா"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்கள தூங்கவிடாம பண்றது அந்த வரிதான்னு எனக்குப் படுது, அதனால அதுல இருந்தே பேசுறேன்.

நான் 16 வருஷமா ஐசியு நர்ஸ். முதல்ல மெடிக்கல் ஐசியு, அப்புறம் இதய ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கள பாக்குற ஐசியு. புதுசா வர்றவங்களுக்கு பிரிசெப்டரா இருந்து பழக்கிவிடுறது என் வேலையில பாதி. எங்க யூனிட்ல இருந்து சிஆர்என்ஏ ஸ்கூலுக்குப் போனவங்க சிலருக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் எழுதியிருக்கேன், இன்டர்வ்யூ போய்ட்டு வந்து என்ன கேட்டாங்கன்னு அவங்க சொல்றத உக்காந்து கேட்டிருக்கேன். ஆனா நான் சிஆர்என்ஏ கிடையாது, எந்த ஸ்கூலோட செலக்‌ஷன் கமிட்டிலயும் இருந்ததில்ல. அதனால வேலை எப்படி இருக்கும்னு சொல்றத நம்பி எடுத்துக்கங்க, ஸ்கூல்காரங்க மனசுல என்ன இருக்கும்னு சொல்றத மட்டும் கேள்விப்பட்டதுங்கிற அளவுக்கு எடுத்துக்கங்க.

உறுதியானத முதல்ல சொல்லிடுறேன். சிஆர்என்ஏ படிப்புக்கெல்லாம் அங்கீகாரம் குடுக்குற கவுன்சில் ஒண்ணு இருக்கு, சுருக்கமா சிஓஏம்பாங்க. அவங்க வச்சிருக்குற குறைந்தபட்ச விதி, ரெஜிஸ்டர்ட் நர்ஸா கிரிட்டிக்கல் கேர்ல முழுநேரம் ஒரு வருஷம், இல்ல பார்ட் டைம்ல அதுக்குச் சமமான காலம். கிரிட்டிக்கல் கேர்னா என்னங்கிறதையும் அவங்களே விளக்கியிருக்காங்க, நிறைய பேர் அத படிக்காமயே பேசுறாங்க. ஆர்ட்டீரியல் லைன், சென்ட்ரல் வீனஸ் பிரஷர், பல்மனரி ஆர்ட்டரி கத்தீட்டர் மாதிரி உடம்புக்குள்ள போற மானிட்டரிங், இதயத்துக்குத் துணை நிக்கிற கருவிங்க, வென்டிலேட்டர், பிரஷர ஏத்தி இறக்குற ட்ரிப்புங்க, இதுல ஒண்ணையோ அதுக்கு மேலயோ வழக்கமா கையாளுற இடம்னு அதுல இருக்கு. உதாரணத்துக்கு சர்ஜிக்கல், கார்டியோதொராசிக், கரோனரி, மெடிக்கல், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள் ஐசியு எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. வேற இடத்துல வேலை பாத்தவங்களையும் பரிசீலிக்கலாம், ஆனா நிலையில்லாத பேஷண்ட்ட, வென்டிலேட்டர, இந்த மருந்துகள கையாளத் தெரியும்னு அவங்க நிரூபிக்கணும்.

அப்ப ஸ்டெப்டவுன் வருஷம் கணக்குல வருமான்னா, பெரும்பாலும் வராது, அத மறைச்சுப் பேசுறதுல அர்த்தமில்ல. ஸ்டெப்டவுன்ல பைபாப், அதாவது மாஸ்க் வழியா மூச்சுக்கு உதவுற மெஷின்ல இருக்குற பேஷண்ட் வருவாங்க, இதயத் துடிப்ப குறைக்கிற டில்டையசம் ட்ரிப், ரத்தம் உறையாம தடுக்கிற ஹெப்பரின் ட்ரிப் ஓடும், மானிட்டர்ல இதய ரிதம் படிக்கக் கத்துக்குவீங்க, ஆனா வாயில டியூப் போட்டு, பிரஷர ஏத்துற நார்எபிநெஃப்ரின் மருந்துல நிக்கிற பேஷண்ட் ஐசியுவுக்குத்தான் போவாங்க. ஐசியு நர்சுங்க பரீட்சை எழுதி வாங்குற சிசிஆர்என் சர்டிஃபிகேஷனுக்கும் இதே கதைதான். அதுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள 1,750 மணி நேரம் கிரிட்டிக்கல் பேஷண்ட்ட நேரடியா பாத்திருக்கணும், அதுல 875 மணி நேரம் கடைசி ஒரு வருஷத்துல இருக்கணும். ஸ்டெப்டவுன்ல இருக்குறவங்களுக்கு, சிசிஆர்என் நடத்துற அதே அமைப்பு பிசிசிஎன்னு தனியா ஒரு பரீட்சை வச்சிருக்கு. வாரத்துக்கு 36 மணி நேரம்னு வச்சுக்கிட்டா 1,750க்கு ஏறக்குறைய 49 வாரம் ஆகும், அதாவது லீவு எல்லாம் சேத்தா ஐசியுவுல கால் வச்சு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகாம சிசிஆர்என் எழுத முடியாது. பல ஸ்கூல் சிசிஆர்என் இருந்தா நல்லதுங்கிறாங்க, சில ஸ்கூல் கண்டிப்பா வேணுங்கிறாங்க.

இத வச்சு காலத்த கணக்குப் போட்டுப் பாருங்க. நேரா ஐசியு போனா ஒரு வருஷம் முடிஞ்சு பரீட்சை எழுதி அப்ளை பண்ணி, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவுல பல மாசம் ஓடி, சுமாரா ரெண்டு ரெண்டரை வருஷத்துல ஸ்கூல்ல இருக்கலாம். ஸ்டெப்டவுன் வழியா போனா மூணு, மூணரை. வித்தியாசம் ஒரு வருஷம். ஆனா இந்த ஒரு வருஷம் எல்லாம் சரியா நடந்தா மட்டுமே மிச்சமாகுற வருஷம். முதல் ஐசியுல சரியா கத்துக்குடுக்காம, பயந்து பயந்து வேலை செஞ்சு, பத்தாவது மாசம் ராஜினாமா பண்ணிட்டு வேற ஊர்ல வேற யூனிட்ல மறுபடி ஓரியன்டேஷன்ல நிக்கிறவங்கள நான் நிறைய பாத்துட்டேன். அவங்களுக்குப் போறது ஒரு வருஷத்துக்கு மேல. ரெஃபரன்ஸ் குடுக்க வேண்டிய மேனேஜரும் கைவிட்டுப் போயிடுறாங்க.

மயக்க மருந்து படிப்புக்கு ஏன் இப்படி ஐசியு ஐசியுன்னு நிக்கிறாங்கன்னு கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன், தேர்வு பண்றதுக்கு உதவும். 1952ல கோபன்ஹேகன்ல போலியோ பரவி மூச்சுத் தசை செயலிழந்து ஜனங்க செத்துக்கிட்டிருந்தப்ப, பியோர்ன் இப்சென்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர்ல பண்றத வார்டுக்குக் கொண்டு வந்தார். தொண்டைல துளை போட்டு டியூப் வச்சு கையால பைய அமுக்கி மூச்சு குடுக்கிறது. வென்டிலேட்டர் போதாததால மெடிக்கல் மாணவங்க நூத்துக்கணக்குல ஷிஃப்ட் போட்டு ராப்பகலா பைய அமுக்கினாங்க. அடுத்த வருஷமே இப்சென் அந்த ஊர்ல ஐசியு ஆரம்பிச்சார். அதாவது ஐசியு பிறந்ததே அனஸ்தீசியாவுல இருந்துதான். தியேட்டர்ல சிஆர்என்ஏ பண்றதும் ஐசியுல நாம பண்றதும் அடிப்படையில ஒண்ணு, பிரஷரையும் மூச்சையும் நொடிக்கு நொடி பாத்து, மருந்து குடுத்து, குடுத்தது வேலை செஞ்சுதான்னு பாத்து, அடுத்தத யோசிக்கிறது. ஸ்கூல் தேடுறது அந்தக் கையையும் கண்ணையும்தான். அப்படின்னா ஒரு வேலைய எடை போடுறப்ப நீங்க கேட்டுக்க வேண்டியது, இந்த யூனிட்ல இந்தப் பழக்கம் எனக்கு வருமா, யார் சொல்லித் தருவாங்கங்கிறது.

8 வாரம்னு படிச்ச உடனே எனக்கு மனசு கொஞ்சம் இறங்கிடுச்சு, ஏன்னு சொல்றேன். நான் புதுசா சேந்த இடத்துல 6 வாரம்தான் குடுத்தாங்க. தனியா விட்ட மூணாவது ராத்திரி, செப்சிஸ், அதாவது தொற்று முத்திப்போன பேஷண்ட், நார்எபிநெஃப்ரின் நல்ல டோஸ்ல ஓடிட்டிருக்கு. பக்கத்து ரூம்ல இன்னொருத்தருக்கு டியூப் ஃபீட் பிரச்சினை, அங்க நிக்கிறேன். பம்ப் அலாரம் அடிக்குது, போய்ப் பாத்தா பை காலி. ஃபார்மசில இருந்து அடுத்த பை இன்னும் வரல, ஏன்னா நான் கேக்கவே இல்ல. ரெண்டு மூணு நிமிஷத்துல சிஸ்டாலிக், அதாவது மேல் பிரஷர், 60க்கு வந்துருச்சு. எதிர் ரூம்ல இருந்த சீனியர் ஒருத்தங்க அவங்க பேஷண்ட்டுக்காக எடுத்து வச்சிருந்த பைய கொண்டு வந்து ஆர்டரோட சரி பாத்து மாட்டினாங்க, பிரஷர் திரும்பிருச்சு. அந்தம்மா அப்ப திட்டல. விடியக்காலைல கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு மணி நேரத்துக்கு மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த பை ரூமுக்குள்ள இருக்கணும், ஷிஃப்ட் ஆரம்பிச்ச உடனே எந்தெந்தப் பை எத்தன மணிக்கு தீரும்னு பேப்பர்ல எழுதிக்கோன்னு சொன்னாங்க. இன்னைக்கும் எழுதுறேன், புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்லித் தர்றேன். இது எந்தக் கிளாஸ்லயும் வராத விஷயம், பக்கத்துல ஆள் நின்னாதான் வரும், அதுக்குத்தான் ஓரியன்டேஷன். நான் பழக்கின புது நர்சுங்கள வச்சுச் சொல்றேன், கல்லூரி முடிச்சு நேரா ஐசியு வர்றவங்களுக்கு 16 வாரமாவது ஆகுது, கார்டியாக் சர்ஜரி யூனிட்னா இன்னும் கூட. 8 வாரம் ஏற்கனவே ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வர்றவங்களுக்குச் சரியா இருக்கும்.

அடுத்தது அந்த 8 பெட்ல யார் படுத்திருக்காங்கங்கிறது. சின்ன ஆஸ்பத்திரி ஐசியுவ ஒரேயடியா தள்ளிப் பேசுறவங்க கூட எனக்கு உடன்பாடில்ல. ராத்திரில ரெசிடென்ட் டாக்டர் இல்லாத இடத்துல நர்ஸே பாத்து, யோசிச்சு, டாக்டர எழுப்பி ஃபோன்ல தெளிவாச் சொல்லணும், அதுல வர்ற தைரியம் பெரிய ஆஸ்பத்திரில சுத்தி பத்து டாக்டர் நிக்கிறப்ப வர்றதுக்கு நாள் ஆகும். ஆனா நிறைய சின்ன ஆஸ்பத்திரில, பேஷண்ட் ரொம்ப மோசமானா நிலைப்படுத்தி ஹெலிகாப்டர்ல பெரிய சென்டருக்கு அனுப்பிடுவாங்க. நீங்க கத்துக்க வேண்டிய பேஷண்ட் அந்த ஹெலிகாப்டர்ல ஏறிப் போயிடுவாங்க, மிச்சம் இருக்குறது டிகேஏ, அதாவது சர்க்கரை நோய் முத்தி வர்றவங்க, ஒருநாள் கவனிக்கணும்னு வச்ச பேஷண்ட், வார்டுல பெட் இல்லாம தங்கினவங்க. பேருக்கு ஐசியு, வேலைக்கு ஸ்டெப்டவுன். எல்லா சின்ன ஆஸ்பத்திரியும் இப்படின்னு சொல்ல மாட்டேன், சிலதுல ஓப்பன் ஹார்ட் கூட நடக்குது. அதனால மேனேஜர்கிட்ட நேரா கேளுங்க, ஒரு சாதாரண நாள்ல எத்தன வென்டிலேட்டர், எத்தன பேர் பிரஷர் மருந்துல, சிஆர்ஆர்டி, அதாவது நிறுத்தாம ஓடுற டயாலிசிஸ், இங்கயே பண்றீங்களா அனுப்பிடுறீங்களா, போன மாசம் எத்தன பேர வெளிய அனுப்பினீங்க. இதுக்கு நம்பரோட பதில் சொல்ற மேனேஜருக்கு அவங்க யூனிட் தெரியும். "எல்லாம் பாக்கலாம்"னு பொதுவா சொன்னா யோசிங்க.

ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷண்ட்டுங்கிறதயும் விடாதீங்க. கலிஃபோர்னியாவுல சட்டமே இருக்கு, ஐசியுல அதிகபட்சம் 2, ஸ்டெப்டவுன்ல 3, இதய ரிதம மானிட்டர்ல பாக்குற டெலிமெட்ரில 4, சாதாரண வார்டான மெட்-சர்ஜ்ல 5. உங்க மாநிலத்துல சட்டம் இல்லன்னாலும் அத அளவுகோலா வச்சுக்கங்க. ஐசியுன்னு சொல்லி வழக்கமா 3 குடுக்குற இடத்துல புது ஆள் எதையும் ஆழமா கத்துக்க முடியாது, வேலை தீக்கிறதே பொழப்பாயிடும். அதவிட முக்கியம், அங்க பேஷண்ட்டுக்கும் ஆபத்து. நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஏக்கன் குழு 2002ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு நர்ஸ் பாக்குற பேஷண்ட் ஒருத்தர் கூடக் கூட சர்ஜரி பேஷண்ட்டுங்களுக்கு 30 நாளுக்குள்ள சாவு நடக்குற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுதுன்னு வந்துச்சு. அது ஐசியு ஆய்வு இல்லங்கிறது உண்மைதான், ஆனாலும் ஸ்டாஃபிங்க சின்ன விஷயம்னு யாராவது சொன்னா அந்த நம்பர் எனக்கு ஞாபகம் வந்துரும். பெரிய ஆஸ்பத்திரி ஸ்டெப்டவுன்கிட்டயும் இதக் கேளுங்க, 5 பேஷண்ட் குடுத்துட்டு ஸ்டெப்டவுன்னு பேர் வச்சிருந்தா அது டெலிமெட்ரி.

பெரிய ஆஸ்பத்திரி ஆஃபர்ல எனக்குப் பிடிச்சது ரெசிடென்சியும், அதே கட்டடத்துல ஐசியு இருக்குறதும். பிடிக்காதது, "அப்புறம் ஐசியுவுக்கு மாறிக்கலாம்"னு வாயால சொல்றது. பல ஆஸ்பத்திரில ஒரு யூனிட்ல சேந்தா 12 மாசமோ 18 மாசமோ ஆனாதான் உள்ளுக்குள்ள மாற விடுவாங்க, ஹெச்ஆர் பாலிசில எழுதியே இருக்கும், கேட்டு வாங்கிப் படிங்க. போன ரெண்டு வருஷத்துல இந்த ஸ்டெப்டவுன்ல இருந்து ஐசியுவுக்குப் போனது எத்தன பேருன்னு மேனேஜரக் கேளுங்க. வருஷா வருஷம் போறாங்கன்னா அந்த வழி திறந்திருக்குன்னு அர்த்தம். ஸ்டெப்டவுன்ல ஒரு வருஷம் இருந்துட்டு எங்க யூனிட்டுக்கு வந்தவங்கள நான் பழக்கியிருக்கேன், அவங்களுக்கு நேரத்தப் பிரிக்கிறது, டாக்டர்கிட்ட பேசுறது, பேஷண்ட் சரியில்லன்னு பாத்த உடனே புரியறது எல்லாம் ஏற்கனவே இருக்கும், அதனால ஐசியு விஷயத்த மட்டும் கத்துக்கிட்டு சீக்கிரமா மேல வந்துருவாங்க. அப்படி வந்த ஒருத்தங்க இப்ப சிஆர்என்ஏ. அவங்ககிட்ட இன்டர்வ்யூல முதல் வருஷம் ஏன் ஸ்டெப்டவுன்னு யாரும் கேக்கலையாம், பிரஷர ஏத்துற வாசோபிரசினையும் நார்எபிநெஃப்ரினையும் ஏன் சேத்து ஓட்டுறோம், அது உடம்புல எந்த ரிசெப்டர்ல வேலை செய்யுது, பேஷண்ட்டுக்கு என்ன பாத்தீங்கன்னு அரை மணி நேரம் துருவினாங்களாம். இது ஒருத்தரோட அனுபவம், எல்லா ஸ்கூலும் இப்படின்னு சொல்ல வரல.

எந்த ஐசியு உசத்திங்கிற சண்டை எப்பவும் இருக்கும், கார்டியோதொராசிக்தான் வேணும்பாங்க, சர்ஜிக்கல்தான்பாங்க, மெடிக்கல் போதாதும்பாங்க. இதுல பாதிக்கு மேல அபிப்பிராயம். விதில எல்லாமே இருக்கு. பச்சிளங்குழந்தைகள் ஐசியு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க, விதி ஏத்துக்கிட்டாலும் பெரியவங்க ஐசியுதான் வேணும்னு கேக்குற ஸ்கூல்கள் உண்டு, நீங்க மனசுல வச்சிருக்குற நாலஞ்சு ஸ்கூலோட பக்கத்த இப்பவே எடுத்துப் படிங்க. படிக்கிறப்ப கெமிஸ்ட்ரி மார்க், சயின்ஸ் ஜிபிஏ எவ்வளவு கேக்குறாங்கன்னும் குறிச்சுக்கங்க, அது குறைவா இருந்தா ஐசியு அனுபவம் மட்டும் காப்பாத்தாது, ஒண்ணு ரெண்டு பாடம் திரும்ப எடுக்க வேண்டி வரும், அதுக்கு ஸ்டெப்டவுன் வருஷம் நல்லாவே பயன்படும். 2022 ஜனவரில இருந்து சேர்றவங்க எல்லாருக்கும் டாக்டரேட் படிப்புதான், குறைஞ்சது 36 மாசம், 2,000 மணி நேரம் கிளினிக்கல், 600 கேஸ், அதனால அந்தக் காலத்துல வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்னு நினைக்க வேண்டாம். கடன் எவ்வளவு வாங்கணும், எவ்வளவு சேத்து வைக்கணும்னு முதல் சம்பளத்துல இருந்தே யோசிக்கணும்.

அந்த சைன்-ஆன் போனஸ் அந்தக் கணக்குல இனிப்பாத் தெரியும். கான்ட்ராக்ட்ல ரெண்டு விஷயம் பாருங்க. நடுவுல போனா முழுசாத் திருப்பிக் கட்டணுமா, இருந்த மாசத்துக்கு ஏத்த மாதிரி குறையுமா. வரி பிடிச்சு உங்க கைக்கு வந்த தொகையையா, பிடிக்கறதுக்கு முன்னாடி இருந்த தொகையையா திருப்பிக் கேப்பாங்க. புது நர்ஸுக்குப் பெரிய போனஸ் குடுத்து ரெண்டு வருஷம் கட்டிப்போடுற யூனிட்ல ஏன் ஆள் நிக்க மாட்டேங்குறாங்கன்னு யோசிக்கணும், போன வருஷம் சேந்த புது நர்சுங்கள்ல எத்தன பேர் இன்னும் இருக்காங்கன்னு கேட்டா பதில் தெரிஞ்சுரும்.

ஒருவேளை வேலைக்குப் போனதுக்கப்புறம் உங்க மனசு மாறலாம், நிறைய பேருக்கு மாறுது, அது தப்பில்ல. நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர்னா கிளினிக்கல் பாடத்துக்கு முன்னாடி மோசமான நிலையில இருக்குற பச்சிளங்குழந்தைகள பாத்த ரெண்டு வருஷ அனுபவம் எதிர்பாப்பாங்க, பெரியவங்க ஐசியு அனுபவம் அங்க உதவாது. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், மிட்வைஃப் ரெண்டுக்கும் இந்த மாதிரி ஐசியு கட்டாயம் இல்ல. அக்யூட் கேர் பிராக்டிஷனர்னா நீங்க பாத்துட்டிருக்குற ரெண்டு இடமும் ஒத்துப்போகும்.

இப்ப என்ன பண்ணலாம்னு கேட்டா, இருக்குற தகவல வச்சு நான் பெரிய ஆஸ்பத்திரி பக்கம் சாயுறேன், காரணம் அந்த 8 வாரமும் கான்ட்ராக்ட்டும்தான். சின்ன ஆஸ்பத்திரி ஓரியன்டேஷன 16 வாரமா எழுத்துல குடுத்து, தினமும் மூணு நாலு வென்டிலேட்டராவது ஓடுதுன்னு காட்டினா நான் அப்படியே திரும்பி அங்க போகச் சொல்லுவேன். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னு போட்டிருந்தீங்க. இன்னைக்கே ரெண்டு மேனேஜருக்கும் மெயில் போட்டு ஒரு ஷிஃப்ட் கூட நின்னு பாக்கலாமான்னு கேளுங்க, அத ஷேடோ ஷிஃப்ட்னு சொன்னா அவங்களுக்குப் புரியும். முடிஞ்சா ராத்திரி ஷிஃப்டா கேளுங்க. போனா மானிட்டர பாக்க வேண்டாம், ஒரு புது நர்ஸ் திணறி நிக்கிறப்ப பக்கத்துல இருக்குறவங்க எழுந்து போறாங்களான்னு மட்டும் பாருங்க. ரெண்டு பேரும் என்ன பதில் சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க, கான்ட்ராக்ட்ல புரியாத வரி இருந்தாலும் பேரையெல்லாம் எடுத்துட்டு போடுங்க, நான் படிச்சுட்டு சொல்றேன்.